ஒருமுறை 0.03, மறுமுறை 0.21: எலிகள் எத்தனை வேண்டும்?

கேள்வி: நினைவாற்றலுக்கான ஒரு மருந்தை மோரிஸ் நீர்ப்புதிர்ச் சோதனையில் (நீருக்கடியில் மறைந்த மேடையை எலி நினைவு வைத்து நீந்திக் கண்டுபிடிக்கும் சோதனை), குழுவுக்கு 10 எலிகள் வைத்துப் பார்த்தேன். பி-மதிப்பு (மருந்துக்கு விளைவே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.03 வந்தது. அப்படியே திரும்பச் செய்தால், மருந்துக் குழு முன்னணியில் இருந்தும் 0.21. எங்கே பிழை? அடுத்து எத்தனை எலிகள் வேண்டும்?

பதில்: பிழை எதுவும் இல்லாமலே இப்படி நடக்கும். உங்கள் பி-மதிப்புகளை விளைவு அளவாக (குழுக்களின் வித்தியாசம், எலிக்கு எலி இருக்கும் பரவலைக் காட்டும் திட்டவிலக்கத்தில் எத்தனை மடங்கு என்பது) மாற்றினால் முதல் சோதனையில் சுமார் 1.05 திட்டவிலக்கம், இரண்டாவதில் 0.58. இவ்வளவு சிறிய குழுக்களில் இந்த வேறுபாடு தற்செயலாகவே வரக்கூடியது. ஆகவே இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை.

சிக்கல் பவரில், அதாவது உண்மையில் இருக்கும் விளைவைச் சோதனை பிடிக்கும் வாய்ப்பில், இருக்கிறது. உண்மை விளைவு 0.5 திட்டவிலக்கம் என்றால், 10 எலிகள் கொண்ட குழுக்களில் அதைப் பிடிக்கும் வாய்ப்பு 18% அளவுதான். அதோடு, பி-மதிப்பு வழக்கமான 0.05 வரம்புக்குக் கீழே வந்து முடிவு தேற வேண்டுமானால் காணும் வித்தியாசம் 0.94-ஆவது இருக்க வேண்டும். அதாவது, அப்படித் தேறும் முடிவு எதுவானாலும் உண்மையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு ஊதித்தான் இருக்கும். அந்த 1.05-ஐ நம்பி அடுத்த மாதிரி அளவைக் கணக்கிடவே கூடாது. பலர் இடறுவது இங்கேதான்.

இது உங்கள் ஆய்வகத்தின் குறை மட்டுமல்ல. 2013-இல் கேத்தரின் பட்டன் குழுவினர் 49 தொகுப்பாய்வுகளை (பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்க்கும் ஆய்வுகள்) அலசியபோது நரம்பியல் ஆய்வுகளின் பவரின் நடுமதிப்பு 21% என்று தெரிந்தது. நீர்ப்புதிர் ஆய்வுகளில் சராசரியாக 22 விலங்குகள் இருந்தன. 80% பவருக்குத் தேவைப்பட்டதோ 134. 'எல்லாரும் பத்துதான் வைக்கிறார்கள்' என்பது காரணமாகாது.

0.5-ஐ வைத்துத் திட்டமிடுங்கள். இருபக்கச் சோதனை (மருந்து நன்மை, தீமை எது செய்தாலும் பிடிப்பது), 80% பவர் என்றால் குழுவுக்கு 64. பத்தில் ஒன்று இழக்கும் என்று கருதினால் 72. (0.8 என்றால் 26, 1.0 என்றால் 17 போதும். ஜி-பவர் மென்பொருளில் சரிபார்க்கலாம்.)

ஒரே ஈற்றுக் குட்டிகளை ஒரே குழுவில் போடாதீர்கள். ஒவ்வொரு ஈற்றையும் இரு குழுக்களுக்கும் பிரியுங்கள். ஓர் எலியின் பல நீச்சல்களைத் தனித்தனி மாதிரியாக எண்ணாதீர்கள். இடையில் பி-மதிப்பைப் பார்த்து எலிகளைக் கூட்டாதீர்கள். நடுவில் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டுமென்றால் முன்கூட்டியே பதிவு செய்து, போகாக் முறைப்படி (பலமுறை பார்ப்பதற்கு ஈடாக வரம்பைக் கடுமையாக்கும் முறை) நடுவிலும் முடிவிலுமான இரு பார்வைக்கும் 0.05-க்குப் பதில் 0.0294 வரம்பு வையுங்கள்.

128 எலிகளுக்கு நெறிமுறைக் குழு தயங்கினால், இரு ஆய்வகங்கள் ஒரே செய்முறையில் பகிர்ந்து செய்யலாம். அதுவும் முடியாதபோது, கையிலுள்ள இரண்டு முடிவுகளையும் நம்பக இடைவெளியோடு (உண்மை விளைவு இருக்கக்கூடிய எல்லைகள்) சேர்த்தே வெளியிடுங்கள், 0.03-ஐ மட்டும் அனுப்ப வேண்டாம்.