வாங்கும் முன்: கடைக் கவரில் பின்னிய பைகள்

இந்த வாரக் கடிதங்களில் பல ஒரே விஷயத்தைப் பற்றியவை. கடைக் கவர்களை நாடாவாக வெட்டி, நுனியில் கொக்கி உள்ள குரோஷா ஊசியால் பை, பாய், கூடை பின்னுகிறார்களே, அதைப் பற்றி. வாங்கியவர்களும் எழுதியிருக்கிறார்கள், பின்னுகிறவர்களும் எழுதியிருக்கிறார்கள்.

ஆன்லைனில் ‘மறுசுழற்சி பிளாஸ்டிக் நூல்’ என்று 450 ரூபாய்க்கு ஓர் உருண்டை வாங்கினேன். முழுக்க ஒரே பச்சை நிறம், ஒரு முடிச்சுகூட இல்லை. இது பழைய கவர்தானா? – வாசகி, கோவை

கடைக் கவரை வெட்டிச் செய்த நாடா இப்படி இருக்காது. கவரின் கைப்பிடியையும் அடி ஒட்டையும் நீக்கிவிட்டு, மிச்சத்தை இரண்டு மூன்று செ.மீ. அகலத்தில் நறுக்கினால் பத்துப் பன்னிரண்டு வளையங்கள் கிடைக்கும். அவற்றை ஒன்றுக்குள் ஒன்று விட்டு இழுத்தால் முடிச்சு விழும். சுற்றிச் சுற்றி ஒரே நாடாவாக வெட்டினாலும் அடுத்த கவர் சேருமிடத்தில் ஒட்டு வரத்தான் செய்யும். எங்காவது ஜவுளிக்கடைப் பெயரின் பாதி எழுத்து தெரியும், நிறம் மாறும்.

பழைய பிளாஸ்டிக்கை உருக்கிப் புது ஷீட்டாக இழுத்து வெட்டியிருந்தால் உங்கள் உருண்டை மாதிரி வரலாம். அதுவும் மறுசுழற்சிதான். ஆனால் அதில் எத்தனை சதவீதம் பழையது, அதற்கு ஆதாரம் என்ன என்பதை விற்கிறவர் சொல்ல வேண்டும். எனக்கு ஆறாத கோபம் இந்த இடத்தில்தான். ஒரு கண்காட்சியில் ‘மறுசுழற்சிக் கூடை’ என்று எழுதி வைத்திருந்ததை நம்பி நல்ல விலை கொடுத்து வாங்கினேன். வீட்டில் வந்து பார்த்தால் முழுக்கப் புது வயர். திரும்பப் போய்க் கேட்டதற்கு, “தேய்ந்த பிறகு மறுசுழற்சிக்குப் போடலாமே” என்று பதில் வந்தது. பணம் திரும்ப வரவில்லை. புது பிளாஸ்டிக்கை நறுக்கிப் பழையது என்று விற்றால் ஒரு கவர்கூடக் குப்பையிலிருந்து குறைவதில்லை, ஊரில் பிளாஸ்டிக் அதிகமாகத்தான் ஆகிறது. குப்பையைக் குறைக்க ஆசைப்பட்டு இரண்டு மடங்கு விலை கொடுக்கிறவரை அந்த ஆசையை வைத்தே ஏமாற்றுவது சாதாரணக் கலப்படத்தைவிட மோசம். இதற்காகவே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. ‘பசுமை’, ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று பொத்தாம் பொதுவாக எழுதி விற்க முடியாது, சொல்வதற்குச் சான்று வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது: விற்பனைப் பக்கத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். விற்கிறவரிடம் சான்றை எழுத்தில் கேளுங்கள். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ன் மின்வணிக விதிகள் சொல்கின்றன. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள்.

பின்னுவதற்குக் கவர் கிலோ கணக்கில் எங்கே மலிவாகக் கிடைக்கும்? – வாசகர், சேலம்

வாங்காதீர்கள். உங்கள் வீட்டிலும் பக்கத்து வீடுகளிலும் ஏற்கெனவே சேர்ந்து கிடப்பதைக் கேட்டு வாங்குங்கள். தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கேரி பேக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது.

கவரில் பின்னிய ஒரு தோள் பைக்கு 900 ரூபாய் கேட்கிறார் ஒரு பெண். குப்பையில் செய்ததற்கு இந்த விலையா? 200-க்குக் கேட்டேன், தர மறுத்துவிட்டார். இது கொள்ளை இல்லையா? – வாசகர், சென்னை

இல்லை. கவருக்கு விலை இல்லை, வேலைக்குத்தான் விலை. கவர்களைக் கழுவ வேண்டும், காயவைக்க வேண்டும், வெட்ட வேண்டும், கோக்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் பின்னலே தொடங்குகிறது. பிளாஸ்டிக் நாடா பருத்தி நூல்போல ஊசியில் வழுக்கி ஓடாது, இழுத்து இழுத்துப் பின்னி விரல் வலிக்கும். அமெரிக்காவில் வீடற்றவர்களுக்காகத் தன்னார்வலர்கள் பின்னும் ஒரு பாய்க்கு 500 முதல் 700 கவர் வரை பிடிக்கிறது. உங்கள் பைக்கு அவ்வளவு தேவையில்லை, ஆனாலும் ஓரிரு நாள் உழைப்பாவது அதில் இருக்கும். 900 அதிகம் என்று தோன்றினால் வாங்காமல் இருங்கள், அது உங்கள் உரிமை. அவரைக் கொள்ளைக்காரி ஆக்காதீர்கள்.

‘வீட்டிலிருந்தே கவர் பின்னிச் சம்பாதிக்கலாம்’ என்று வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தைப் பார்த்து, பயிற்சிக்கும் பொருளுக்கும் 6,500 ரூபாய் கட்டினேன். பை ஒன்றுக்கு 350 தந்து அவர்களே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். பத்துப் பை அனுப்பினேன். ஃபினிஷிங் சரியில்லை என்று எல்லாவற்றையும் கழித்துவிட்டார்கள். இப்போது போனை எடுப்பதில்லை. என் முட்டாள்தனம்தான். – வாசகி, திண்டுக்கல்

அம்மா, கடைசி வரியை அழித்துவிடுங்கள். தவறு உங்களுடையது அல்ல. ஊறுகாய், அப்பளம், பேப்பர் கவர், பென்சில் பேக்கிங் என்று பொருள் மட்டும் மாறி மாறி இதே மோசடி நடக்கிறது. லாபம் பையில் இல்லை, நீங்கள் முன்கூட்டிக் கட்டிய பணத்தில்தான் இருக்கிறது. அதனால் நீங்கள் எவ்வளவு நன்றாகப் பின்னியிருந்தாலும் கழித்திருப்பார்கள்.

இணையவழி பணமோசடிக்கான 1930 எண்ணில் இன்றே புகார் சொல்லுங்கள். பணம் அனுப்பிய ரசீது, உரையாடல், பை அனுப்பிய கூரியர் சீட்டு எதையும் அழிக்க வேண்டாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். தொழிலுக்காக வாங்கியதால் நீங்கள் நுகர்வோர் இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாடலாம். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவரை 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. அந்தப் பத்துப் பைகள் திரும்பி வந்திருந்தால் ஒன்றைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு மற்றவற்றை உங்கள் ஊரிலேயே விற்றுப் பாருங்கள்.

ஆசையாக வாங்கிய கவர்ப் பூந்தொட்டி உறை மொட்டை மாடியில் பொடிப்பொடியாக உதிர்கிறது. ஏமாற்றிவிட்டார்களா? – வாசகர், மதுரை

இல்லை, வெயில்தான் காரணம். பாலித்தீன் வெயிலில் நொறுங்கும். அதுவும் ‘மக்கும்’ என்று அச்சிட்ட கவர் கலந்திருந்தால் இன்னும் சீக்கிரம். துணிபோல இருக்கும் நான்-ஓவன் பையும் பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்தான், அதுவும் உதிரும். மிச்சம் இருப்பதை உடனே கூட்டி அள்ளுங்கள், மண்ணில் கலக்க விடாதீர்கள்.

எந்த ஊசி வாங்குவது? – வாசகி, நாகர்கோவில்

6 முதல் 8 மி.மீ. வரை தடிமன், அலுமினியம், ஒரே ஒரு ஊசி. கைப்பிடிக்கு ரப்பர் உறை போட்ட பெரிய செட் ஒன்றை நான் வாங்கினேன். முதல் பை முடியும் முன்னே உறை கழன்றது, கொக்கியின் பிசிறு நாடாவைக் கிழித்தது. மெல்லிய ஊசிகள் இந்த வேலைக்கு உதவவும் இல்லை. கடையில் கொக்கியை விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள்.

வயர் கூடைக்குப் பதிலாக மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகலாமா? – வாசகர், தஞ்சாவூர்

கீரை, பிரெட், துணிமணி என்றால் சரி. தேங்காயும் கிழங்கும் போட்டால் கைப்பிடி நீண்டு முழங்காலில் இடிக்கும். கைப்பிடியை இரட்டை நாடாவில் பின்னியிருக்கிறார்களா என்று இழுத்துப் பார்த்து வாங்குங்கள்.

பின்னிய பிளாஸ்டிக் விரிப்பில் சூடான குக்கரை இறக்கி வைக்கலாமா? – வாசகி, ஈரோடு

கூடாது. உருகும்.