பறப்பதை விடுங்கள், புழுவைப் பாருங்கள்

கே: மெக்சிகோவின் குதிக்கும் அவரை ஒன்றை மகன் அனுப்பியிருக்கிறான். விதைத்தால் முளைக்குமா? (மன்னார்குடி)

ப: அது அவரையே அல்ல. பாலைவனப் பக்கத்துப் புதர் ஒன்றின் காய்த்துண்டு. உள்ளே இருப்பது சின்ன அந்துப்பூச்சியின் புழு. சூடு பட்டால் துள்ளும். பருப்பைத்தான் அது தின்றுவிட்டதே, எது முளைக்கும்?

கே: வேலியோரம் சப்பாத்திக்கள்ளி மண்டிவிட்டது. ஆஸ்திரேலியாவில் பூச்சியை விட்டே அழித்தார்களாமே, இங்கும் கொண்டுவரலாமா? (வேதாரண்யம்)

ப: மாதம் ஒருவராவது இதைக் கேட்டுவிடுகிறீர்கள். கூடாது! அது அர்ஜென்டினா பக்கத்து வறண்ட நிலத்து அந்துப்பூச்சி. 70, 80 முட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கும். பார்த்தால் கள்ளிமுள் என்றே நினைப்பீர்கள். தாய்ப்பூச்சிக்குத் தின்ன வாயே கிடையாது. செம்மஞ்சள் புழுக்கள்தான் கூட்டமாக மடலுக்குள் புகுந்து கூழாக்கும். அதனால்தான் சொல்கிறேன், பறப்பதை விடுங்கள், புழுவைப் பாருங்கள். 1925-ல் ஆஸ்திரேலியாவுக்குப் போனது, பத்து வருஷத்துக்குள் கோடிக்கணக்கான ஏக்கரில் கள்ளியை ஒழித்தது. எல்லாரும் கதையை இதோடு முடித்துவிடுகிறார்கள். 1957-ல் கரீபியன் தீவுகளில் விட்டார்களே, அது? 1989-ல் புளோரிடாவில் தென்பட்டு, அந்த மண்ணுக்கே உரிய கள்ளிகளில் கைவைத்தது.

நம் நாட்டில் கள்ளியை அடக்கியது அந்துப்பூச்சி அல்ல, சிவப்புச் சாயம் எடுக்கும் கொச்சினீல் வகைச் செதில்பூச்சி. அதிலும் 1795-ல் சாயத்துக்கென்று பிரேசிலிலிருந்து வந்தது தேடிய சாயப்பூச்சி அல்ல, அதன் வேறு இனம்; நல்ல சாயம் தேறவில்லை, கள்ளிதான் செத்தது. பெயர் தெரியாமல் பூச்சி வாங்கினால் இப்படித்தான். உங்கள் வேலிக்குக் கடப்பாரை போதும். வெட்டிய மடலை மண்ணில் போடாதீர்கள், விழுந்த இடத்தில் வேர்விடும்.

கே: வயலில் மஞ்சள் பூச்சி பறக்கிறது. என்ன மருந்து? (கும்பகோணம்)

ப: குறுவையா, சம்பாவா? நாற்றா, கதிரா? ஒன்றும் எழுதாமல் மருந்து மட்டும் வேண்டுமா? சிறகுக்கு ஒரு கரும்புள்ளி இருந்தால் குருத்துப்பூச்சியின் பெண். அது நெல்லைத் தின்னாது. புழுதான் தண்டைக் குடையும். நடும்போது நாற்றின் நுனியைக் கிள்ளினால் முட்டைக் குவியலும் போகும். நூற்றுக்குப் பத்துக் குருத்து காய்ந்தால், அப்புறம் மருந்தைப் பேசலாம்.

கே: நெற்குதிரைத் திறந்தால் பொடிப்பூச்சி பறக்கிறது. (திருத்துறைப்பூண்டி)

ப: அந்து. நெல் சரியாகக் காயவில்லை. களத்தில் மறுபடி கொட்டுங்கள். பல்லில் கடித்தால் நறுக்கென்று உடையவேண்டும்.