ஹைதர் அலி கப்பலும் உருளைக்கிழங்குக் குண்டும்: அமெரிக்க ராணுவ வரலாறு கேள்வி – பதில்

கே: பங்கர் குன்றுப் போர் எந்தக் குன்றில் நடந்தது? கேள்வியிலேயே விடை இருக்கிறதே என்கிறான் என் மகன். (தேனி வாசகர்)

ப: மகன் மாட்டிக்கொண்டான்! 1775 ஜூன் 17 அன்று பாஸ்டனை ஒட்டிய சார்ல்ஸ்டவுனில் ஆங்கிலேயருக்கும் அமெரிக்கர்களுக்கும் நடந்த அந்தச் சண்டையின் பெரும்பகுதி நடந்தது பக்கத்திலிருந்த பிரீட்ஸ் குன்றில். அமெரிக்கர்களுக்குப் பங்கர் குன்றில் அரண் கட்டச் சொல்லித்தான் உத்தரவு. இரவோடு இரவாக மண்வெட்டியோடு போனவர்கள், உயரம் குறைவானாலும் பாஸ்டனுக்கு நெருக்கமாக இருந்த பிரீட்ஸ் குன்றில் கட்டிவிட்டார்கள். பெயர் மட்டும் பங்கருக்கே போய்ச் சேர்ந்தது. 294 படிகள் கொண்ட நினைவுத்தூணும் பிரீட்ஸ் குன்றின் மேல்தான் நிற்கிறது.

கே: அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றுக்கு ஹைதர் அலியின் பெயர் வைத்தார்களாமே? (காஞ்சிபுரம் வாசகி)

ப: வைத்தார்கள். காரணத்தை உங்கள் ஊர்ப் பக்கமே தேடலாம். ஆங்கிலேயர் 'பொள்ளிலூர்' என்று எழுதிவைத்த புள்ளலூரில், 1780 செப்டம்பர் 10 அன்று, ஹைதரும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை நொறுக்கினார்கள். அதே ஆங்கிலேயரோடு அமெரிக்கர்களும் அப்போது மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். எதிரிக்கு எதிரி நண்பன் அல்லவா? பென்சில்வேனியா மாகாணத்துக்காகப் போரிட்ட கப்பல் ஒன்று 'ஹைதர் அலி' என்ற பெயரைத் தாங்கியது.

அந்தக் கப்பல் செய்த வேலை பெயரைவிடச் சுவையானது. 1782 ஏப்ரல் 8, டெலவேர் விரிகுடா. 'ஹைதர் அலி'யில் 6 பவுண்டுக் குண்டு போடும் 16 பீரங்கிகள். எதிரே வந்த பிரிட்டிஷ் கப்பல் 'ஜெனரல் மங்க்'கில் 9 பவுண்டுக் குண்டு போடும் பீரங்கிகள். நேருக்கு நேர் நின்று சுட்டால் தாக்குப்பிடிக்காது. தலைவர் ஜோஷுவா பார்னிக்கு வயது 22. இங்கே படிப்பதை நிறுத்திவிட்டு, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கொஞ்சம் யோசியுங்கள்.

பார்னி சுக்கான் பிடிப்பவரிடம் முன்கூட்டியே காதோடு சொல்லி வைத்தார்: "நான் உரக்கக் கத்தும் உத்தரவுக்கு நேர்மாறாகத் திருப்பு." கப்பல்கள் நெருங்கியதும் எதிரிக்குக் கேட்கும்படி ஓங்கிக் கத்தினார். அதை நம்பி எதிரித் தலைவர் தன் கப்பலையும் அந்தப் பக்கமே திருப்பினார். 'ஹைதர் அலி' மறுபக்கம் திரும்பியது. எதிரிக் கப்பலின் மூக்கு மரம் 'ஹைதர் அலி'யின் முன்பாய்மரக் கயிறுகளில் சிக்கிக்கொண்டது. பாய்மரக் கப்பலின் பீரங்கிகள் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் இருக்கும். மூக்கு மாட்டிய கப்பலால் அவற்றைக் குறிவைக்க முடியாது. பார்னியின் ஒரு பக்கத்துப் பீரங்கிகளோ எதிரியின் தளத்தை நீளவாக்கில் துடைத்தெடுத்தன. அரை மணி நேரத்துக்குள் சண்டை முடிந்தது, எதிரிக் கப்பல் பிடிபட்டது. அந்தக் கப்பல் முதலில் அமெரிக்கர்களிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்ததுதான். அப்போது அதன் பெயர் 'ஜெனரல் வாஷிங்டன்'. கைக்கு வந்ததும் பழைய பெயரே திரும்பியது.

புள்ளலூருக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. அங்கே பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்ததில் மைசூர் ராக்கெட்டுகளுக்கும் பங்கிருந்தது என்பார்கள். இரும்புக் குழாயில் மருந்தை இறுக்கி அடைத்ததால் அழுத்தம் தாங்கி நெடுந்தூரம் பறந்தவை அவை. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் அவை இங்கிலாந்துக்குப் போயின. அவற்றைப் பார்த்துத்தான் ஆங்கிலேயரான காங்கிரீவ் தன் ராக்கெட்டை உருவாக்கினார். 1814 செப்டம்பரில் பால்டிமோரின் மெக்ஹென்றி கோட்டை மீது ஆங்கிலேயர் ஏவியது அதைத்தான். அமெரிக்க தேசிய கீதத்தில் ராக்கெட்டின் செவ்வொளி வருகிறதே, அதன் வேர் மைசூரில் இருக்கிறது.

கே: சுட்டவனிடம் சுடப்பட்டவன் வருத்தம் தெரிவித்த போர் உண்டா? (பாளையங்கோட்டை வாசகர்)

ப: உண்டு, பசிபிக் கடலில் அப்போது ஸ்பெயின் வசமிருந்த குவாம் தீவில். 1898 ஏப்ரலில் அமெரிக்கா ஸ்பெயின் மீது போர் அறிவித்தது. குவாமுக்குத் தந்திக் கம்பி கிடையாது. அங்கிருந்த ஸ்பானியருக்குச் செய்தியே போகவில்லை. ஜூன் 20 அன்று 'சார்ல்ஸ்டன்' என்ற அமெரிக்கக் கப்பல் துறைமுகத்துக்குள் வந்து ஒரு பழைய கோட்டையை நோக்கிச் சுட்டது. கோட்டையில் ஆளில்லை, பதில் வேட்டும் இல்லை. சற்று நேரத்தில் துறைமுக அதிகாரியும் மருத்துவர் ஒருவரும் படகில் வந்து, தங்களுக்கு மரியாதை வேட்டு போட்டதாக நினைத்து, உடனே பதில் மரியாதை செய்ய முடியாததற்கு வருத்தம் தெரிவித்தார்கள். போர் நடப்பதும் தாங்கள் இப்போது கைதிகள் என்பதும் கப்பலில் வைத்துத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. மறுநாள் ஆளுநரும் சரணடைந்தார். உயிர்ச்சேதம் இல்லை.

கே: 'டி', 'டே' என்று மரியாதை இல்லாமல் கூப்பிடுவதுபோல் இருக்கிறதே, 'டி-டே'யில் அந்த 'டி' என்ன? (மன்னார்குடி வாசகி)

ப: வேறொன்றுமில்லை, நாள் என்று பொருள்படும் 'டே' என்பதன் முதல் எழுத்தேதான். 'டி-டே' என்றால் தாக்குதல் தொடங்கும் நாள். தாக்குதல் தொடங்கும் நேரமான 'எச்-அவர்' என்பதில், மணி நேரத்தைக் குறிக்கும் 'அவர்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து வருவது மாதிரி. தேதி முடிவாகுமுன், அல்லது வெளியே தெரியக்கூடாது என்னும்போது, இந்த எழுத்துகளை வைத்தே திட்டம் எழுதுவார்கள். முதல் உலகப் போரில், 1918 செப்டம்பரில், பிரான்ஸின் செயின்ட் மிஹியேல் தாக்குதலுக்கான அமெரிக்க உத்தரவிலேயே இரண்டும் இருக்கின்றன. 1944இல் பிரான்ஸின் நார்மண்டி கடற்கரையில் நேசநாட்டுப் படைகளின் இறக்கம் ஜூன் 5இலிருந்து 6க்குத் தள்ளிப்போனபோது இதன் அருமை தெரிந்தது: 'டி' எந்த நாள் என்பதை மட்டும் மாற்றினால் போதும், மற்ற நாள்கள் தாமாக நகர்ந்துவிடும்.

ஒரு கணக்கு: பாரிஸ் விடுதலையான ஆகஸ்ட் 25 'டி' கூட்டல் எத்தனை? பலரும் 81 என்பார்கள். அந்த நாளையே ஒன்று என்று எண்ணத் தொடங்குவதால் வரும் பிழை அது. ஜூன் 6 என்பது பூஜ்யம். ஜூனில் மீதி 24, ஜூலையில் 31, ஆகஸ்டில் 25. மொத்தம் 80.

கே: இறந்த பிறகு பதவி உயர்வு பெற்ற தளபதி? (கரூர் வாசகர்)

ப: ஜார்ஜ் வாஷிங்டன். 1799இல் மறைந்தபோது அவர் லெப்டினன்ட் ஜெனரல், மூன்று நட்சத்திரத் தகுதி. பின்னால் வந்தவர்கள் நான்கு, ஐந்து நட்சத்திரம் வாங்கி அவரைத் தாண்டிப் போனார்கள். 1976 ஜூலை 4 முதல் நடைமுறைக்கு வரும்படி சட்டம் போட்டு அவரை எல்லோருக்கும் மேலே ஏற்றினார்கள்.

கே: பழைய சாமான் கடையில் 'பி-38' என்ற சின்ன இரும்புத் துண்டு கிடைத்தது. டின் திறக்குமாம். எப்படி? (ஆவடி வாசகர்)

ப: நன்றாகத் திறக்கும். 1942இல் அமெரிக்கப் படைக்காக வடிவமைத்தது. மடிந்திருக்கும் அலகை நேர்கோணத்துக்கு விரியுங்கள். தட்டையான பகுதியை வலக்கைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, அதன் வெட்டுப் பள்ளத்தை டின் விளிம்புக்கு அடியில் மாட்டுங்கள். மணிக்கட்டைக் கடிகாரச் சுற்றில் திருப்பினால் அலகு மூடியைக் குத்தும். டின்னை எதிர்ச்சுற்றில் சிறிது நகர்த்தி மறுபடி குத்துங்கள். அவசரப்பட்டு அலகின் அகலத்தைவிட அதிகம் நகர்த்தினால் நடுவில் வெட்டாத துண்டு நிற்கும், மூடி வராது. கடைசி ஒரு சென்டிமீட்டரை வெட்டாமல் விட்டு, மூடியைக் கீல்போல் தூக்கி மடியுங்கள். விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், விரல் ஜாக்கிரதை. இடக்கைக்காரர்கள் இடக்கையில் பிடித்து, அலகு தங்களைப் பார்க்கும்படி வைக்கவேண்டும்.

பெயருக்கு இரண்டு விளக்கம் சொல்வார்கள்: நீளம் 38 மில்லிமீட்டர், அல்லது ஒரு ரேஷன் டின்னைச் சுற்ற 38 குத்து. இரண்டாவதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டின்னின் விட்டம் 3 அங்குலம், சுற்றளவு சுமார் 239 மில்லிமீட்டர். 38ஆல் வகுத்தால் ஒரு குத்துக்கு 6.3 மில்லிமீட்டர். கைக்குச் சரியாக வரும் அளவுதான்!

கே: நவாஹோ மொழிச் சங்கேதத்தில் குழந்தைகளுக்கு ஒரு புதிர் தாருங்களேன். (யாழ்ப்பாண வாசகி)

ப: 1942இல் 29 நவாஹோ இளைஞர்கள் அமெரிக்க மரீன் படைக்காக இதை உருவாக்கினார்கள். அவர்கள் மொழியில் இல்லாத போர்ச் சொற்களுக்கு வீட்டுச் சொற்களையே எடுத்துக்கொண்டார்கள். ஆமை என்றால் டாங்கி. உருளைக்கிழங்கு கையெறி குண்டு, முட்டை விமானக் குண்டு. ஆந்தை வேவு விமானம், பிணந்தின்னிக் கழுகு குண்டுவீச்சு விமானம், ரீங்காரச்சிட்டு சண்டை விமானம். திமிங்கலம் பெரிய போர்க்கப்பல், இரும்பு மீன் நீர்மூழ்கி. 'எங்கள் அம்மா' என்றால் அமெரிக்கா.

ஆங்கிலப் பெயர்களை எழுத்துக்கூட்டவும் வழி வைத்திருந்தார்கள். ஒரே எழுத்துக்கு ஒரே சொல்லை வைத்தால், அடிக்கடி வரும் சொல்லை எண்ணியே எதிரி பிடித்துவிடுவான். அதனால் 'ஏ' எழுத்துக்கு எறும்பு, ஆப்பிள், கோடரி என்று மூன்று சொல். ஜப்பானியரிடம் சிக்கிய நவாஹோ வீரர் ஒருவருக்குச் சொற்கள் புரிந்தும் செய்தி புரியவில்லை. அவர் இந்தச் சங்கேதத்தில் பயிற்சி பெறாதவர்.

இனி நாங்கள் கட்டிய புதிர்: "ஆந்தை பார்த்தது: திமிங்கலம் ஒன்று, இரும்பு மீன் இரண்டு. முட்டையோடு பிணந்தின்னிக் கழுகு அனுப்பு. துணைக்கு ரீங்காரச்சிட்டு நான்கு."

விடை: வேவு விமானம் ஒரு பெரிய போர்க்கப்பலையும் இரண்டு நீர்மூழ்கிகளையும் பார்த்திருக்கிறது. குண்டுகளோடு குண்டுவீச்சு விமானமும் துணைக்கு நான்கு சண்டை விமானங்களும் வேண்டும். உருளைக்கிழங்கு ஏன் வரவில்லை என்று கேட்கும் குழந்தைக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகப் போடுங்கள்: கையால் எறிகிற குண்டு கடலில் தூரத்தில் நிற்கும் கப்பலுக்கு எட்டாது.