நெடுந்தீவுச் சேமக்காலைக்கு ஆள் வைத்தால் போதாதா?

கேள்வி: வெளியூரில் வாழ்கிறவர்கள் சொந்தத் தீவில் இருக்கும் குடும்பக் கல்லறைகளைப் பராமரிக்கக் கூலிக்கு ஆள் வைத்தால் போதாதா? நேரில் போனால் அந்த ஒரு நாள் எப்படிக் கழியும்?

போதாது என்பதே என் அனுபவம். நாங்கள் நெடுந்தீவுக் கத்தோலிக்கக் குடும்பம். இப்போது யாழ்ப்பாண நகரில் குடியிருக்கிறோம். ஆனால் அப்பா, அப்பப்பா, அப்பாச்சி உட்பட எங்களுடைய ஒன்பது பேர் அந்தத் தீவின் சேமக்காலையில் அடக்கமாகியிருக்கிறார்கள். இடையில் இரண்டு ஆண்டுகள் நாங்களும் பணம் அனுப்பித்தான் கல்லறைகளைத் துப்புரவு செய்வித்தோம். அதனால் நேர்ந்ததையும், அதன் பிறகு நாங்கள் நேரில் போய்வந்த நாளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மரித்த விசுவாசிகளின் நினைவுநாள் நவம்பர் 2. எங்கள் பக்கத்தில் அது மழைக்காலம். வாடைக்காற்று எழுந்துவிட்டால் படகு ஓடும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அந்த ஆண்டு நாங்கள் முதலாந் திகதியே போய்ப் புல்லைச் செருக்கித் துப்புரவாக்கி, மறுநாள் குருவானவர் கல்லறைகளை ஆசீர்வதிக்கும் மந்திரிப்புக்கும் நின்று வருவதாகத்தான் இருந்தோம். கடல் குழம்பியதால் போக முடியாமற்போய், நான்காந் திகதிதான் புறப்பட்டோம். நவம்பர் 1 முதல் 8 வரை சேமக்காலைக்குச் சென்று மரித்தோருக்காகச் செபிக்கிறவர்கள், வழக்கமான நிபந்தனைகளை நிறைவேற்றி, தாங்கள் பெறும் பரிபூரண பலனை, அதாவது பாவத்துக்குரிய தண்டனை முழுவதும் நீங்கும் பேற்றை, உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்கு ஒப்புக்கொடுக்கலாம் என்று திருச்சபை வைத்திருக்கிறது. எட்டு நாள் என்ற அந்த ஏற்பாட்டின் அருமை, கடலைக் கடந்து போக வேண்டியவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஆயத்தம் முதல்நாள் மாலையிலேயே தொடங்கிவிடும். சுண்ணாம்பைத் தண்ணீரில் ஊறவைத்து, பூசிய பின் கையில் ஒட்டாமலிருக்க ஒரு பிடி உப்புச் சேர்த்து, மூடி இறுக்கிய வாளியில் எடுத்துக்கொண்டோம். புல் செருக்கும் உழவாரம் ஒன்று, கத்தி, காய்ந்த பொச்சுமட்டை (தேங்காய் மட்டை) துண்டுகள், கறுப்புப் பெயின்ற் சிறிய ரின் ஒன்று, மெழுகுதிரிப் பைக்கற்றுகள் ஆகியவை கல்லறைக்கு உரியவை. இவற்றோடு அப்பாவின் சகோதரியான பெரிய மாமிக்கு மூன்று மாதத்துக்கான கிளினிக் மருந்து, அவருடைய மூக்குக்கண்ணாடி, மைத்துனர் கேட்டிருந்த தண்ணீர்ப் பம்பியின் உதிரிப்பாகம், அரை மூட்டை மா, பிள்ளைகளுக்குப் பாடக் கொப்பிகள். தீவுக்குப் போகிற எவரும் வெறுங்கையோடு போவதில்லை. யாராவது ஒருவருடைய பொருள் நம் மடியில் இருக்கும்.

விடிவதற்கு முன் பஸ் ஏறினோம். பண்ணைத் தாம்போதி, வேலணை, வாணர் தாம்போதி, புங்குடுதீவு என்று இரு பக்கமும் கடல் தெரிய ஓடிக் குறிகட்டுவானில் இறங்கினால், அங்கிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். மாவிலித்துறையில் இறங்கியதும் குமுதினிப் படகில் இறந்தவர்களின் நினைவிடத்தின் முன் சிறிது நேரம் நின்றோம். 1985 மே 15 அன்று, இதே கடல்வழியில் நெடுந்தீவிலிருந்து போய்க்கொண்டிருந்த பயணிகள் குழந்தைகள் உட்பட நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். எங்கள் வீட்டார் எவரும் அந்தப் படகில் இருக்கவில்லை. ஆனாலும் முதல் மெழுகுதிரியை அங்கே கொளுத்திவிட்டுத்தான் மேலே நடப்பது என்பது அப்பா வைத்த வழக்கம். காற்றில் அது நின்று எரிவதில்லை என்றாலும் நாங்கள் கொளுத்துகிறோம்.

வேலை நாள் ஆகையால் தம்பி நேரே பிரதேச செயலகத்துக்குப் போனார். காலமான மாமாவின் பெயரிலிருக்கும் காணியைப் பிள்ளைகளுக்கு மாற்றுவதற்கு மரண அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி தேவைப்பட்டது. அதற்கு விண்ணப்பிப்பதும், கிராம சேவையாளரிடம் மாமிக்கு ஒரு வதிவிடக் கடிதம் பெறுவதும் அவர் பொறுப்பு. யாழ்ப்பாண மாவட்டத்துக் கிராம சேவையாளர் பிரிவுகளின் இலக்கங்கள் ஜே/1 என்று நெடுந்தீவிலிருந்தே தொடங்குகின்றன. வரிசையில் முதலாவதாக இருந்தும், ஒரு கடிதத்துக்காக ஒரு நாள் முழுவதையும் ஒதுக்க வேண்டிய தூரத்தில் இருப்பவர்கள் எங்கள் மக்கள்.

நானும் என் மனைவியும் பத்து வயது மகளும், ஓட்டோவில் மாமியை ஏற்றிக்கொண்டு சேமக்காலைக்குப் போனோம். மந்திரிப்பு முடிந்து இரண்டு நாளாகியிருந்ததால் மற்றக் கல்லறைகளில் உருகி உறைந்த மெழுகும் வாடிய செவ்வந்தியும் கிடந்தன. எங்கள் வரிசையில் மட்டும் முழங்காலளவு புல். முழங்கால் நோவோடு அத்தனை தூரம் உள்ளே வர முடியாமல், இரண்டாந் திகதி நடுக்குருசடியில் ஒன்பது மெழுகுதிரி கொளுத்திவிட்டுத் திரும்பியதாக மாமி சொன்னபோது, இரண்டு ஆண்டுகள் வராமல் இருந்ததற்காக நான் உண்மையிலேயே வருந்தினேன்.

முதல் வேலை செருக்குவது. மழை பெய்த மண்ணில் உழவாரம் எளிதாக ஓடும். ஆனால் நெடுந்தீவில் மண் படை மெல்லியது, அதன் கீழே சுண்ணக்கல். ஆழமாகப் போட்டால் 'கிணுங்' என்று கல்லில் பட்டு முனை மழுங்கிவிடும். கையைத் தாழ்த்தி, நிலத்தோடு படுக்கவைத்து இழுக்க வேண்டும். பட்டிப்பூச் செடிகளை மட்டும் விட்டுவிடுவோம். மாடும் குதிரையும் வேலிக்குள் வந்து மேய்ந்தாலும் அவற்றைத் தொடுவதில்லை. பிறகு பொச்சுமட்டையால் சீமெந்தைத் தேய்த்துப் பாசியை எடுத்து, நனைந்த மேற்பரப்பிலேயே சுண்ணாம்பு பூசினோம். காய்ந்த சீமெந்தில் பூசினால் சுண்ணாம்பு பொருக்காக உதிரும். பூசிய உடனே பெருமழை பெய்தால் கழுவுண்டு போகும். அன்று மழை பொறுத்தது.

அப்பாவின் கல்லறைத் தலைமாட்டில் நீளவாக்கில் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. உள்ளே வைத்த இரும்புக் கம்பியில் உப்புக் காற்றின் ஈரம் பட்டுத் துருப்பிடித்தால், துரு பருத்துச் சீமெந்தை உள்ளிருந்தே பிளந்துவிடும். கடலோரத்தில் கல்லறை கட்ட நினைப்பவர்களுக்கு நான் அழுத்தமாகச் சொல்வது இதுதான்: கம்பி போடாமல் தாழ்வாகக் கட்டுங்கள், பெயரைக் கல்லில் வெட்டுங்கள். நாங்கள் பெயின்றால் எழுதியதால், ஒவ்வொரு முறையும் எழுத்துகளின் மேல் மறுபடியும் எழுத வேண்டியிருக்கிறது. அன்று அந்த வேலையை மகள் செய்தாள். தன் அப்பப்பாவின் பிறந்த ஆண்டை அவள் அறிந்ததும் அப்போதுதான்.

இனி அந்த இரண்டு ஆண்டுகளின் விளைவைச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கும் பெரிய மாமிக்கும் இடையில் ஒரு தங்கை இருந்து, மூன்று வயதில் காய்ச்சலில் இறந்தாள். அவளுக்குச் சீமெந்துக் கல்லறை கிடையாது. சிறிய மண்மேடு ஒன்று, அதைச் சுற்றி அப்பாச்சி பதித்த கடற்சிப்பிகள், தலைமாட்டில் ஒரு மரக்குருசு. 1990களில் எங்கள் குடும்பம் இடம்பெயர்ந்து திரும்புவதற்குள் குருசு உக்கிவிட்டது. மேடும் சிப்பியும் மட்டும் மிஞ்சின. நாங்கள் கூலி கொடுத்து ஒழுங்கு செய்த மனிதர் எங்கள் வரிசை முழுவதையும் மிக நேர்த்தியாக, ஒரே மட்டமாகச் செருக்கிச் சமப்படுத்திப் படமும் அனுப்பினார். படத்தைப் பார்த்து நாங்கள் மகிழ்ந்தோம். அந்த மேடு படத்தில் இல்லை என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவரில் குற்றமில்லை, அது கல்லறை என்று அவருக்கு யார் சொன்னது? ஒன்பது பேர் என்று சொல்லிக்கொள்கிற நாங்கள், எட்டுக் கல்லறைகளைத்தான் எண்ணிக் காட்டியிருந்தோம்.

இடத்தைச் சொல்லக்கூடியவர் மாமி ஒருவரே. ஓட்டோ இருக்கையிலிருந்து இறங்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டு, சேமக்காலையின் மேற்குக் கல்வேலி வரை நடந்தார். எங்கள் தீவில் வேலிகள் பவளக்கற்களைச் சாந்தில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியவை. மரக்குருசு உக்கினாலும் அவை நிற்கின்றன. வேலியில் முதுகை வைத்து நின்று, அப்பாச்சியின் கல்லறையை நேரே பார்த்தபடி, ஒவ்வொரு காலடியாக எண்ணத் தொடங்கினார். பதினோராவது அடியில் நின்றுவிட்டு, "இதிலதான் பிள்ளை, கையை வைச்சுப் பார்" என்று மகளிடம் சொன்னார். மகள் குந்தியிருந்து ஈரமண்ணை விரலால் கிளறினாள். சிறிது நேரத்தில் நகத்தளவான வெள்ளை விளிம்பு ஒன்று தெரிந்தது; மண்ணைத் தள்ளத் தள்ளச் சிப்பி, அதற்கருகே இன்னொன்று. உடைந்தவை போக ஏழு சிப்பிகள் அகப்பட்டன. மாமி அழவில்லை, சிப்பிகளைத் தன் சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து ஒவ்வொன்றாக மகளிடம் கொடுத்தார், அவள் வட்டமாகப் பதித்தாள். செபமாலையில் பத்து மணிகள் கொண்ட ஒரு காரணிக்கத்தை அந்த மேட்டருகே நின்றுதான் சொன்னோம்.

ஆள் வைப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. கனடாவிலும் பிரான்சிலும் இருப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் வர முடியாது. தீவிலும் வேலை தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். புல்லைச் செருக்கவும் வெள்ளையடிக்கவும் தாராளமாக ஆள் வையுங்கள். ஆனால் யார் எங்கே கிடக்கிறார்கள் என்பதைத் தெரிந்த முதியவர் ஒருவர் உயிரோடு இருக்கும்போதே, இளையவர் ஒருவரையாவது அழைத்துக்கொண்டு ஒரு முறை நேரில் போய்விடுங்கள்.

மற்ற அலுவல்கள் விரைவில் முடிந்தன. மாமி வீட்டில் மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டோம். மருந்துகளைக் காலை, இரவு என்று இரண்டு டப்பாக்களில் பிரித்து வைத்தோம். தம்பி விண்ணப்பத்தின் பற்றுச்சீட்டோடு வந்தார். பிரதியை எடுக்க இன்னொரு நாள் வர வேண்டும். புறப்படும்போது மாமி பனாட்டுத் துண்டுகளைப் பனையோலைப் பெட்டியில் கட்டித் தந்தார். பிற்பகல் படகுக்கு மாவிலித்துறையில் காத்திருந்தபோது, மகள் தன் கொப்பியில் சேமக்காலையின் படத்தை வரைந்து, மேற்கு வேலியிலிருந்து மேடு வரை ஒரு கோடு இழுத்து "11 அடி" என்று எழுதினாள். பிறகு யோசித்துவிட்டு, அது மாமியின் காலடி என்றும், தான் எண்ணியபோது 13 வந்தது என்றும் சொன்னாள். தம்பியிடம் அளவு நாடா இருந்தது. படகு வர நேரமிருந்ததால் அவரும் அவளும் அதே ஓட்டோவில் திரும்பிப் போய் அளந்து வந்தார்கள். கொப்பியில் இப்போது மூன்று கணக்குகள் இருக்கின்றன: மாமியின் காலடியில் 11, அவளுடைய காலடியில் 13, நாடாவில் பதினாறரை அடி.