பீரோ பட்டறையில் துப்பாக்கிப் பெட்டகம் செய்ய முடியுமா?
சேலத்தில் பீரோ செய்யும் பட்டறையிலேயே துப்பாக்கிப் பெட்டகமும் செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் பீரோத் தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பெட்டகத்திலோ உடற்பகுதி 3, கதவு 6 மில்லிமீட்டராவது இருப்பது நல்லது.

வெட்டுவதும் வளைப்பதும் பழகிய வேலைதான். வெல்டிங்கில்தான் சோதனை. ஒரே மூச்சில் ஓட்டினால் சூட்டில் தகடு கோணிக்கொள்ளும், கதவு சட்டத்தில் உட்காராது. அதனால் விட்டுவிட்டு, எதிரெதிர்ப் பக்கமாகப் பற்றவைப்பார்கள். பூட்டுக்கு முன்னால் துளைக்கருவியை மழுங்கடிக்கும் கடின எஃகுத் தகடு. நெருப்புக்கு ஜிப்சம் பலகை: அதன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நீர், சூடேறும்போது ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சிவிடும். பவுடர் பூச்சை இந்தப் பலகை பொருத்துவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்; பூச்சைச் சுடும் சூட்டிலேயே அந்த நீர் போய்விடும்.

அடித்தட்டில் துளையிட்டுத் தரையோடு போல்ட் போடச் சொல்லுங்கள். ஏற்காட்டு எஸ்டேட் பங்களாவுக்கு என்றால் உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையும் வேண்டும். அங்கே திருடனுக்கு முன்னால் துரு வந்துவிடும்.