படகுக்கு ஒரே வயது கிடையாது

கேள்வி: ஐயா, நானும் மனைவியும் கிள்ளானில் இருக்கிறோம். எனக்கு 54 வயது, அவருக்கு 50. பிள்ளைகள் இருவரும் வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நாலைந்து வருடம் கடலில் குடியிருக்க வேண்டும் என்பது எங்கள் நீண்ட நாள் ஆசை. லங்காவியில் ஒரு லகூன் 380 கேட்டமரன் (இரட்டை உடல் பாய்மரப் படகு) விற்பனைக்கு வந்திருக்கிறது. 2003-இல் கட்டியது, நான்கு அறை. முதல் சில வருடம் கரீபியனில் வாடகைக்கு ஓடியதாம். கேட்கும் விலை 5 லட்சத்து 90 ஆயிரம் ரிங்கிட். எங்கள் கையில் இருப்பது 6 லட்சத்து 50 ஆயிரம். உள்ளே புது மெத்தை, புது டிவி என்று பளிச்சென்று இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: கேட்கும் விலைக்கு வாங்காதீர்கள். அப்படி வாங்கினால் கையில் 60 ஆயிரம்தான் மிஞ்சும். இருபது வயது தாண்டிய படகுக்கு அது முதல் ஆறு மாதத்துக்கே காணாது. 4 லட்சத்து 50 ஆயிரத்துக்குள் முடியுமானால், அதுவும் கீழே சொல்வதை எல்லாம் பார்த்த பிறகு, வாங்கலாம். மிச்சம் 2 லட்சம் எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

நானும் என் மனைவியும் 2012-இல் இதே லங்காவியில்தான் 38 அடி கேட்டமரன் ஒன்றை வாங்கி, ஒன்பது வருடம் அதில் குடியிருந்தோம். அதற்கு முன் 26 வருடம் எனக்குக் கப்பலில் எஞ்சினியர் வேலை. அந்தத் தைரியத்தில் இரண்டு எஞ்சின்களையும் இரண்டு நாள் குடைந்து பார்த்துவிட்டு, மற்றதை ஆய்வாளரிடம் விட்டுவிட்டேன். பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளின் வயதை நானும் கேட்கவில்லை, அவரும் எழுதவில்லை. பணம் கட்டி முடித்த பிறகு காப்பீட்டுக்காரர்கள் கேட்டார்கள். 14 வருடக் கம்பி, மாற்றாமல் காப்பீடு தர முடியாது என்றார்கள். 28,000 ரிங்கிட் ஆனது.

அன்றைக்குத்தான் புரிந்தது, படகுக்கு ஒரே வயது கிடையாது என்று. விளம்பரத்தில் 2003 என்று போட்டிருக்கும். அது ஃபைபர் உடலின் வயது. கம்பிக்கு ஒரு வயது, பாய்க்கு ஒரு வயது, எஞ்சினுக்கு, பேட்டரிக்கு, அடித்தள வால்வுகளுக்கு, நங்கூரச் சங்கிலிக்கு என்று தனித்தனி வயது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி ஒதுக்கி, எல்லாவற்றுக்கும் முதலில் 2003 என்றே எழுதுங்கள். ரசீதைக் காட்டினால் மட்டும் அடித்துவிட்டுப் புது வருடத்தை எழுதுங்கள். “போன வருடம்தான் மாத்தினோம்” என்று வாயால் சொன்னால் 2003 அப்படியே இருக்கட்டும். புது மெத்தைக்கும் டிவிக்கும் அந்த நோட்டில் வரியே வேண்டாம்.

கம்பி பத்து, பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டால் பல காப்பீட்டு நிறுவனங்கள் மாற்றச் சொல்லும். பார்க்கப் பளபளப்பாகவே இருக்கும். முனையில் அழுத்திப் பிடித்திருக்கும் குழலுக்குள்ளேதான் அரிக்கும். எஞ்சின் விஷயத்தில் முதலில் கேட்க வேண்டியது செயில்டிரைவ் ரப்பர் வளையம். எஞ்சினிலிருந்து ஒரு கால் படகின் அடியைத் துளைத்துக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறது அல்லவா, அந்தத் துளை வழியாகக் கடல் உள்ளே வராமல் தடுப்பது அந்த ரப்பர்தான். எஞ்சின் செய்யும் வால்வோ பென்டா நிறுவனம் அதை ஏழு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. படகைக் கரையேற்றி, எஞ்சினை நகர்த்தி மாற்ற வேண்டும், அதுவும் இரண்டு எஞ்சினுக்கும். அதனாலேயே தள்ளிப்போட்டிருப்பார்கள்.

அப்புறம் மேல்தளம். இதைத்தான் நான் மிகவும் வலியுறுத்துவேன். கேட்டமரன் என்ற சொல்லே நம் கட்டுமரத்திலிருந்து போனது. எங்கள் முட்டம் பக்கத்தில் மீன்பிடித்துத் திரும்பியதும் மரத்தை அவிழ்த்து மணலில் காயப்போடுவார்கள். ஊறிய மரம் கனக்கும், ஓடாது. உங்கள் படகின் தளத்திலும் மரம் இருக்கிறது. இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே பால்சா கட்டை வைத்திருப்பார்கள். காய்ந்திருக்கும் வரை இறகு மாதிரி லேசு, நல்ல உறுதி. கைப்பிடிக் கம்பம், ஜன்னல், நங்கூரம் தூக்கும் மோட்டார் என்று எங்கே திருகாணி போட்டிருக்கிறார்களோ அங்கே பூச்சு விட்டுப்போய்த் தண்ணீர் இறங்கும். அவிழ்த்துக் காயப்போட வழியில்லை. உள்ளேயே மட்கிவிடும். பிளாஸ்டிக் தலை வைத்த சிறு சுத்தியலால் தளம் முழுக்க, அடிக்கு அடி தட்டிப் பாருங்கள். நல்ல இடம் ‘டக்’ என்று கேட்கும், ஊறிய இடம் ‘பொத்’ என்று கேட்கும். ஒருநாள் தட்டினால் காது பழகிவிடும். கையகலம் ஊறியிருந்தால் வெட்டிச் சரிசெய்யலாம். பாய்மரம் ஊன்றிய இடத்தைச் சுற்றி ஊறியிருந்தால் அந்தப் படகை விட்டுவிடுங்கள்.

தண்ணீர் போக வர படகின் அடியில் இருக்கும் துளைகளைத் திறந்து மூடும் வால்வுகளைப் பற்றி ஒரு சம்பவம். லங்காவியின் தெலாகா துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்தோம். ராத்திரி பத்து மணி இருக்கும். சமையலறைத் தொட்டியின் வால்வைத் திருப்பினேன், பிடியோடு பாதி வால்வு கையோடு வந்துவிட்டது. ஒன்றரை அங்குலத் துளை வழியாகக் கடல் பீச்சிக்கொண்டு வந்தது. என் மனைவி உள்ளங்கையால் துளையை அழுத்திப் பிடித்துக்கொள்ள, நான் மரச் செருகியைத் தேடி எடுத்து அடித்தேன். சாதாரணப் பித்தளையில் இருக்கும் துத்தநாகத்தை உப்புநீர் மெல்லக் கரைத்துவிடும், செம்பு மட்டும் பஞ்சு மாதிரி மிஞ்சும். சுரண்டிப் பாருங்கள்: மஞ்சளாக இருந்தால் சரி, இளஞ்சிவப்பாக இருந்தால் அது போன கேஸ். எத்தனை வால்வு என்று எண்ணி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் மரச் செருகி ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். படகு உங்கள் கைக்கு வந்த முதல் நாளே செய்ய வேண்டிய வேலை இது.

கரீபியனில் ஓடியது என்கிறீர்கள். எந்த வருடம் அங்கிருந்து கிளம்பியது என்று கேளுங்கள். 2017 செப்டம்பரில் இர்மா புயல் பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளைப் புரட்டியபோது டோர்ட்டோலாவில் வாடகைப் படகுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. அவற்றில் சில பழுது பார்க்கப்பட்டு மறுபடி சந்தைக்கு வந்திருக்கின்றன. அதற்கு வெகு முன்பே, கட்டிய மறுவருடமே லங்காவிக்கு வந்துவிட்டது என்றால், 2004 டிசம்பர் 26 அன்று எங்கே நின்றது என்று கேளுங்கள். அன்று லங்காவியின் தெலாகா, ரெபாக் படகுத்துறைகளில் நின்ற படகுகள் சுனாமியில் அடிபட்டன. படகின் பின்பக்கம் வலதுபுறம் பொறித்திருக்கும் எண்ணையும் பத்திரத்தில் உள்ள எண்ணையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். கடைசி நான்கில் முதல் எழுத்து கட்டிய மாதம், ஏ என்றால் ஜனவரி, சி என்றால் மார்ச். அடுத்தது வருடத்தின் கடைசி இலக்கம். பிறகு வரும் இரண்டு இலக்கம் மாடல் வருடம். சி303 என்றிருந்தால் 2003 மார்ச்சில் கட்டிய 2003 மாடல்.

முன்பணமாகப் பத்து சதவீதம் கேட்பார்கள். கொடுக்கலாம், ஆனால் ஆய்வும் கடலோட்டமும் திருப்தியாக இருந்தால்தான் வாங்குவோம், இல்லையென்றால் பணம் திரும்ப வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். ஆய்வாளரை நீங்களே தேடுங்கள், தரகர் சொல்லும் ஆள் வேண்டாம். நீங்கள் போகும்போது எஞ்சின் சூடாக இருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதை நீங்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.

நான்கு அறை இருவருக்கு அதிகம். காலி அறை நிறையும். நாங்கள் மூன்றாம் வருடம் படகைத் துப்புரவு செய்தபோது 400 கிலோ சாமான் இறக்கினோம், கிரைண்டர் உட்பட. பாரம் ஏறினால் கேட்டமரன் ஓடாது. இரண்டு உடலுக்கு நடுவிலுள்ள தளம் தாழ்ந்து, அலை அடியிலிருந்து அறையும். ராத்திரி தூங்க முடியாது.

வாங்குவதற்கு முன், மழைக்காலத்தில் இரண்டு வாரம் இதே அளவுப் படகை வாடகைக்கு எடுத்து இருவரும் இருந்து பாருங்கள். உங்கள் துணைவியார் தனியாக நங்கூரம் போட்டு எடுக்கவும், சிறு படகின் மோட்டாரைக் கிளப்பிக் கரைக்குப் போய் வரவும் பழக வேண்டும். உங்களுக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டால் படகு அவர் கையில்தான்.

கேள்வி: கேட்டமரன் சாயாது என்கிறார்கள், கவிழ்ந்தால் நிமிராது என்றும் சொல்கிறார்கள். எது உண்மை? (சென்னை வாசகி)

பதில்: இரண்டும் உண்மை, மகளே. ஒற்றை உடல் படகு காற்று கூடும்போது சாய்ந்து காட்டும், பாயைச் சுருக்கு என்று உடம்புக்கே தெரியும். அடியில் கனமான ஈயமோ இரும்போ இருப்பதால் கவிழ்ந்தாலும் நிமிரும். கேட்டமரனுக்கு அந்தக் கனம் கிடையாது, 380 போன்ற படகு ஆறரை மீட்டர் அகலத்தால்தான் நிற்கிறது. காற்று இரட்டித்தால் பாயின் மேல் விசை நான்கு மடங்காகும், ஆனால் மேசையில் டீ கிளாஸ் அசையாமல் இருக்கும். அதனால் கருவியில் எண்ணைப் பார்த்துத்தான் பாயைச் சுருக்க வேண்டும். நாங்கள் காற்று 18 நாட் (மணிக்கு 18 கடல் மைல்) வேகம் வந்தால் முதல் சுருக்கு, 23 வந்தால் இரண்டாவது என்று சுக்கான் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தோம். இருட்டினால் காற்று இருக்கிறதோ இல்லையோ முதல் சுருக்கு போட்டுவிடுவோம். மலாக்கா நீரிணையில் ‘சுமத்ரா’ என்று ஒரு காற்று விடியற்காலையில் மேற்கிலிருந்து வரும். பத்து நிமிடத்தில் வேகம் 5 நாட் என்பதிலிருந்து 40-க்கு ஏறியதை நான் பார்த்திருக்கிறேன். அன்று பாய் சுருக்கியிருந்ததால் பெரிய பாயை இறக்க மட்டும் நேரம் கிடைத்தது.