துருவ ஒளி படத்தில் தெரிவதுபோலவே நேரிலும் இருக்குமா?

துருவப் பக்கத்து இரவு வானில் தோன்றும் வண்ண ஒளியான துருவ ஒளி, படத்தில் பார்ப்பதுபோலவே நேரிலும் தெரியுமா, சென்னையிலிருந்து அவ்வளவு செலவழித்துப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறம் படத்தில் உள்ள அளவுக்கு இருக்காது. ஆனால் எந்தப் படத்திலும் பிடிபடாத ஒன்று நேரில் இருக்கிறது. அதற்காகவே போகலாம்.

நான் அம்மாவை அழைத்துக்கொண்டு பிப்ரவரியில் நார்வேயின் டிரோம்சோவுக்குப் போயிருந்தேன். துருவ வட்டத்துக்கும் வடக்கே உள்ள ஊர். அன்று ஊரை மேகம் மூடியிருந்ததால், வழிகாட்டி எங்களை வேனில் பின்லாந்து எல்லைப் பக்கம் அழைத்துப் போனார். அங்கே வானம் தெளிந்திருந்தது. மலைக்கு மேலே வெளிறிய பட்டை ஒன்று கிடந்தது.

"இது மேகம்தானே?" என்றார் அம்மா. எனக்கும் அப்படித்தான் பட்டது. மொபைலில் எடுத்தால் அதுவே பளிச்சென்ற பச்சை! மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் சரியாகப் பிடிபடாது. கேமரா சில விநாடிகள் ஒளியைச் சேர்த்துவைத்துக் காட்டுகிறது.

பிறகு அது அசைந்தது. பட்டை நடுவில் மடிந்தது, மடிப்புக்குள் கோடுகோடாக ஒளி ஓடியது. மேற்கே தொடங்கிய அலை தலைக்கு மேலே வந்துசேர மூச்சுவிடும் நேரம்கூட ஆகவில்லை. இப்போது பச்சை கண்ணுக்கே நன்றாகத் தெரிந்தது. கீழ் விளிம்பில் மட்டும் இளஞ்சிவப்பு துடித்தது. மாடியில் காயப்போட்ட புடவை காற்றில் அலைவதுபோல என்று அம்மா சொன்னார். அதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இவ்வளவும் துளிச் சத்தமில்லாமல் நடந்தது. அம்மா என் கையை இறுகப் பிடித்திருந்தார், நான் அழுதுகொண்டிருந்தேன்.

சூரியனிலிருந்து புறப்படும் மின்னூட்டத் துகள்களால் தூண்டப்பட்டு பூமியின் காந்தப்புலம் குலைகிறது. அந்தக் காந்தப்புலத்தில் முடுக்கப்பட்ட எலக்ட்ரான்கள் துருவப் பகுதிக் காற்றில் மோதும்போது இந்த ஒளி பிறக்கிறது. நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே ஆக்சிஜன் பச்சையைத் தரும், இன்னும் உயரத்தில் சிவப்பைத் தரும். நாங்கள் பார்த்த இளஞ்சிவப்பு விளிம்பு நைட்ரஜனுடையது. அந்தச் சூரியனைக் கவனிக்கும் இந்திய விண்கலமான ஆதித்யா-எல்1, 2023 செப்டம்பர் 2 அன்று நம் பக்கத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் கிளம்பியது. அப்போது அதன் திட்ட இயக்குநராக இருந்த நிகார் ஷாஜி தென்காசிப் பக்கத்துச் செங்கோட்டைக்காரர். எனக்கு இதில் பெரிய பெருமை.

சென்னை வானில் இது தெரிய வழியில்லை. இது காந்தத் துருவங்களைச் சுற்றித்தான் தோன்றும், அவற்றுக்கு நடுவே ஓடும் பூமியின் காந்த நடுக்கோடோ நமக்குச் சற்றுத் தெற்கேதான் போகிறது. 2024 மே மாதச் சூரியப் புயலின்போது லடாக்கின் ஹான்லேயில் சிவப்பொளி பதிவானது. அதையே நம்பிக் காத்திருக்க முடியாது.

போவதென்றால் செப்டம்பர் இறுதி முதல் மார்ச் வரை போங்கள். கோடையில் அங்கே இரவே இருட்டாது. டிரோம்சோவில் சுமாரான சூரியச் செயல்பாடே போதும், மேகம்தான் முதல் எதிரி. ஆகவே ஒரே இரவை நம்பாமல் நான்கைந்து இரவுகள் தங்குங்கள். வேனில் ஊர்விட்டு ஊர் தேடிப் போகும் பயணத்தையே தேர்ந்தெடுங்கள். பெரியவர்களை அழைத்துப் போவதானால் உடலோடு ஒட்டிய கம்பளி உள்ளாடை அவசியம், காலணிக்குள் இரண்டு ஜோடி சாக்ஸைத் திணித்து இறுக்கிவிடாதீர்கள். ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் விறைக்கும். குளிரில் மொபைல் பேட்டரி சட்டென்று இறங்கும், உள்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.